கியூ.எல். 48

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை வெர்னா கோவாலிக்கின் காகிதக் கிண்ணத்தில் மூன்று மாத்திரைக்குப் பதில் நான்கு இருந்தன. வெள்ளையாக, வட்டமாக இருப்பது ரத்த அழுத்தத்துக்கு. சின்னதாக, மஞ்சளாக இருப்பது ரத்தம் உறையாமல் இருக்க. தொண்டையில் நின்று மல்லுக்கட்டும் பெரியது எலும்புக்கு. நான்காவது புதிது. நீள்வட்டம், பீச் பழத்தின் நிறம்.

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் ரொண்டாவிடம் இது என்னவென்று கேட்டாள்.

"உங்க பிரஷர் மாத்திரைதான் செல்லம். கம்பெனி மாத்திட்டாங்க, அதான் கலர் வேற."

பிரஷர் மாத்திரை இதோ பழைய வெள்ளையிலேயே இருக்கிறதே என்று வெர்னா விரலால் தள்ளிக் காட்டினாள். ரொண்டா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியானால் அது வைட்டமினாக இருக்கும் என்றாள். அரை நிமிடத்துக்குள் ஒரே மாத்திரை இரண்டு மருந்தாகிவிட்டது வெர்னாவுக்கு இடித்தது. ஆனால் ரொண்டா நல்ல பெண். இருபத்திரண்டு பேருக்கும் அவள் ஒருத்திதான் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் ஆறு பேர் காத்திருந்தார்கள். வெர்னா விழுங்கினாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரம் என்ன ஆயிற்று என்று அவளால் சொல்ல முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது நினைவிருக்கும். யாரோ தட்டை எடுத்துக்கொண்டு போவது தெரியும். நடுவில் சாப்பிட்டாளா என்பது தெரியாது. தலையில் ஈரக் கம்பளியைச் சுற்றியது போல இருந்தது. வயது எழுபத்தெட்டு ஆகிறதே, இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது என்று பயந்தாள். பயப்படக்கூடச் சரியாக வரவில்லை, பாதியில் தூங்கிப்போனாள். ஒருநாள் செய்தித்தாள்களை அடுக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. குறுக்கெழுத்தில் ஈஸ்டர் திங்கள் வரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. செவ்வாயிலிருந்து ஒரு கட்டம்கூட இல்லை.

மறுநாள் காலை பீச் நிற மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, ரொண்டா போன பிறகு டிஷ்யூவில் துப்பினாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தபோது அதன் மேல் எழுத்து இருந்தது. ஒரு பக்கம் கியூ.எல். மறுபக்கம் 48.

வெர்னாவுக்கு முகம் மலர்ந்தது. எழுத்தும் எண்ணும்தான் அவள் பிழைப்பாக இருந்தவை. ஓஹையோவின் கிழக்கு ஓரத்தில் பெல்ஃபோர்டு ரயில் யார்டில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவள். மழையோ பனியோ, அட்டையும் பென்சிலுமாகத் தண்டவாளத்தோடு நடந்து, நிற்கிற ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் வயிற்றிலும் எழுதியிருக்கும் சொந்தக்காரரின் எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு வருவது வேலை. சரக்குச் சீட்டில் கோதுமை என்று இருக்கும். பெட்டியின் எண் அமிலம் என்று சொல்லும். பெட்டி சொல்வதுதான் செல்லும். சீட்டை நம்பி அமிலப் பெட்டியை மாவு மில்லுக்கு அனுப்பியவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு அன்றோடு வேலை போயிற்று.

ஜனவரியில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்ததால் சில்வர் எல்ம் பராமரிப்பு இல்லத்துக்கு வந்தாள். ஆறு வாரம் நடைப்பயிற்சி, பிறகு வீடு என்று சொல்லிச் சேர்த்தார்கள். ஆறு வாரம் ஈஸ்டரைத் தாண்டியும் முடியவில்லை. எப்போது வீடு என்று கேட்டால் எல்லாரும் புன்னகை செய்தார்கள். சில்வர் எல்மில் புன்னகைக்குத் தனிப் பயிற்சி வகுப்பு உண்டு. நுழைவாயிலில் அதற்கான சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் மாவட்டத்திலேயே அமைதியான இல்லம் என்ற விருது, தொடர்ந்து மூன்று வருடம். அதற்கும் பக்கத்தில், "இங்கே ஒவ்வொரு குரலும் கேட்கப்படும்" என்று தங்க எழுத்தில் ஒரு பலகை.

ஞாயிற்றுக்கிழமை மகன் டேரல் டோனட் பெட்டியோடு வந்தான். ஐம்பத்திரண்டு வயது, வெப்பமூட்டி பழுதுபார்க்கும் வேலை, நல்ல சுபாவம், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன். வெர்னா கதவைச் சாத்தச் சொல்லி டிஷ்யூவைப் பிரித்துக் காட்டினாள். அவன் மாத்திரையைக் கையில் வாங்கவில்லை. வைட்டமினாக இருக்கும்மா என்றான்.

"ரொண்டாவும் அதான் சொன்னா. போன்ல தேடிப் பாரு. எந்தக் கம்பெனி, என்ன மருந்துன்னு இந்த நாட்டுல ஒவ்வொரு மாத்திரை மேலயும் குறி இருக்கணும்னு சட்டமே இருக்கு."

டேரல் போனை எடுத்தான். வெர்னா படித்துச் சொல்ல அவன் தட்டினான். எழுத்து என்ன, எண் என்ன, நிறம் என்ன, வடிவம் என்ன என்று அந்தப் பக்கம் வரிசையாகக் கேட்டது. இத்தனை மாதத்தில் தன்னிடம் யாரும் இவ்வளவு ஒழுங்காகக் கேள்வி கேட்டதில்லை என்று வெர்னா நினைத்தாள். படம் வந்தது. அதே மாத்திரை, அதே எழுத்து. கீழே நியூ ஜெர்சியில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். அதற்கும் கீழே, காதில் குரல் கேட்பதாகவும் இல்லாத ஆள் எதிரில் நிற்பதாகவும் சொல்லும் கடுமையான மனநோய்க்குத் தருவது என்று இருந்தது. கறுப்புக் கட்டம் கட்டி, வயதானவர்களுக்குக் கொடுப்பதில் உயிராபத்து உண்டு என்று ஓர் எச்சரிக்கையும் இருந்தது.

"எனக்கு எந்தக் குரலும் கேக்கலையேடா," என்றாள் வெர்னா. "பக்கத்துப் படுக்கை இமோஜீன் பாடறது கேக்கும். அதுவும் இப்ப கேக்கறதில்ல."

டேரல் போனை அணைத்துப் பைக்குள் போட்டான். பிறகு எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, வேறு யாருடைய மாத்திரையோ உன் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது, நான் பேசிக்கொள்கிறேன், நீ யாரிடமும் சத்தம் போடாதே என்றான். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது அவனுக்கு. தனக்காக அவன் இவ்வளவு பதறுவதைப் பார்த்து வெர்னாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று. மூன்று மாதமாகப் பாரமாக இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. ஒரு டோனட்டை முழுதாகத் தின்றாள்.

ஒரு வாரம் காத்திருந்தாள். பீச் மாத்திரை வருவது நிற்கவில்லை. நாக்குக்கடியில் ஒதுக்குவதையும் அவள் நிறுத்தவில்லை. டேரலைப் போனில் கேட்டால், பேசியிருக்கிறேன், பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள் என்றான். பிறகு அவளே அலுவலகத்துக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்ப் புகார் கொடுக்க வேண்டும் என்றாள். சில்வர் எல்மில் புகார் என்ற சொல்லே இல்லை என்று தெரிந்தது. கவலை என்றுதான் சொல்ல வேண்டும். 'மருந்துத் தோற்றம் குறித்த கவலைப் படிவம்' நான்கு பக்கம். கவலை எப்போது தொடங்கியது, இதற்கு முன் குடும்பத்தில் யாருக்காவது கவலை இருந்ததா, கவலையை ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணால் சொல்வீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தது. எண் என்ற இடத்தில் வெர்னா 48 என்று எழுதினாள். கடைசிப் பக்கத்தில், சம்பந்தப்பட்ட மாத்திரையை இணைக்கவும் என்று இருந்தது. இணைத்தாள்.

மறுநாள் நிர்வாக இயக்குநர் ஸ்டான்டன் பிரூவிட் நேரில் வந்தார். உயரமான, மெல்லிய குரல்காரர். பேசும்போது எதிராளியின் கையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். வெர்னாவின் கவலை தங்களுக்கு ஒரு பரிசு என்றார். இன்று காலைக் கூட்டத்தில் முதல் விஷயமாக அதைத்தான் எடுத்துக்கொண்டோம் என்றார். ஆனால் ஒரு சின்னச் சிக்கல். விழுங்காத மாத்திரையை இல்லவாசி வைத்திருப்பது மருந்துப் பதுக்கல். பதுக்கிய மருந்தை உடனே அழிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அதை ஈரக் காப்பித்தூளில் கலந்து குப்பையில் போட்டாயிற்று.

"அப்ப அது என்ன மாத்திரைன்னு பாத்தீங்களா?"

"பாக்கணும்னுதான் இருந்தோம், மிஸஸ் கோவாலிக். ஆனா மாத்திரை இல்லாம எப்படிப் பாக்கறது?"

வெர்னா எழுத்தையும் எண்ணையும் சொன்னாள். பிரூவிட் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். மருந்தகத்துக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். மறுமுனையில் மருந்தாளுநர் ஒருவர் இருந்தார். சில்வர் எல்மோடு ஒன்பது வருடத் தொடர்பு உள்ளவர்; ஒருமுறைகூட அங்கே வந்ததில்லை. கோவாலிக் பெயரில் பதிவேட்டில் உள்ள நான்காவது இனத்தின் பெயர் 'இதம்-2' என்றார் அவர். இதம் என்பது மருந்தல்ல, ஒரு திட்டம். இதம்-1 மாலையில் மட்டும். இதம்-2 காலையும் மாலையும். இதம்-3 இன்னும் ஓஹையோவுக்கு வரவில்லை.

மாத்திரையில் அப்படி எழுதியிருக்கவில்லையே என்றாள் வெர்னா.

"மாத்திரை மேல இருக்கறது கம்பெனியோட கருத்து," என்றார் பிரூவிட் பொறுமையாக. "நியூ ஜெர்சியில யாரோ எழுதினது. அவங்களுக்கு உங்களத் தெரியாது. உங்க பேரு, உங்க பிறந்தநாள், உங்களுக்கு எந்த ஜூஸ் பிடிக்கும், எதுவுமே தெரியாது. எங்க பதிவேட்டுல இருக்கறதுதான் உங்களத் தெரிஞ்சவங்க எழுதினது. நீங்க யார நம்புவீங்க?"

மாத்திரையைத்தான் என்றாள் வெர்னா. பிரூவிட் அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய ஞாபகத்தைச் சோதிக்க ஓர் இளம்பெண் மடிக்கணினியோடு வந்தாள். மூன்று சொல்லைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள்: நாற்காலி, தக்காளி, பாலம். வெர்னா மூன்றையும் திருப்பிச் சொன்னாள். கூடவே கியூ.எல். 48 என்றும் சொன்னாள். நான்காவதை நான் கொடுக்கவில்லையே என்றாள் அந்தப் பெண். நீ கொடுக்கவில்லை, ரொண்டா கொடுத்தாள் என்றாள் வெர்னா. பிறகு ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னபோது, காலையா இரவா என்று கேட்டாள். யார்டில் அதைக் கேட்காமல் எழுதினால் ரயில் போய்விடும். அந்தப் பெண் நெடுநேரம் தட்டச்சு செய்தாள். தலைகீழாகத் தெரிந்த திரையில் வெர்னா படித்த கடைசி வரி இது: 'எண்களில் அளவுகடந்த பற்று. எளிய கேள்விக்கு எதிர்க்கேள்வி.'

அன்று மாலை அவள் அறைத்தோழி இமோஜீனைக் கவனித்துப் பார்த்தாள். மேற்கு வர்ஜீனியா மலைக்காரி, சுரங்கத் தொழிலாளியின் விதவை. ஜனவரியில் காலை ஐந்தரைக்கே எழுந்து தேவாலயப் பாட்டைச் சுருதியே இல்லாமல் தொடங்கிவிடுவாள். வெர்னா தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, ஆண்டவரே இவளுக்குத் தொண்டை கட்டட்டும் என்று வேண்டியிருக்கிறாள். இப்போது இமோஜீன் வாய் திறந்தபடி நாற்காலியில் சரிந்து கிடந்தாள். மோவாயில் எச்சில் காய்ந்திருந்தது. ரொண்டா வைத்துவிட்டுப் போன அவள் கிண்ணத்தை வெர்னா எட்டிப் பார்த்தாள். பீச் நிறம். எடுத்துத் திருப்பினாள். கியூ.எல். 48.

"எத்தன நாளா இத முழுங்கற இமோஜீன்?"

இமோஜீன் ஒரு கண்ணைத் திறந்தாள். "எத?" என்றாள். பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் மாத்திரை நேரத்தில் வெர்னா வாக்கரைத் தள்ளிக்கொண்டு கிழக்கு நடைக்கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாள். வாக்கரின் மேல் அட்டை, கையில் பென்சில். ரொண்டா ஓர் அறைக்குள் இருக்கும்போது அடுத்த அறைக்காரருக்கு வணக்கம் சொல்லி, கிண்ணத்தைப் பார்த்து, குறித்துக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கும் அளவுக்கு யாரும் விழித்திருக்கவில்லை. இருபத்திரண்டு பேரில் பதினேழு பேர் கிண்ணத்தில் கியூ.எல். 48 இருந்தது. ஒன்பதாம் அறையில் இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பதினான்காம் அறைக்காரி எழுபது வயதுவரை நாட்டிய வகுப்பு நடத்தியவள். மாவட்டத்திலேயே அமைதியான இல்லம் எப்படி அமைதியாயிற்று என்று வெர்னாவுக்கு அப்போது புரிந்தது. தன் படுக்கையில் உட்கார்ந்து பட்டியலைப் பழைய வழக்கப்படி சுத்தமாகப் பிரதி எடுத்தாள்: அறை எண், குறி, நிறம், பார்த்த நேரம்.

அலுவலகத்தில் பட்டியலைக் கொடுத்ததற்கு மறுமொழியாக ஒரு கடிதம் வந்தது. பிறர் மாத்திரையைப் படித்தது அந்தரங்கத்தை மீறிய செயல் என்றும், இது குறித்துப் பேச வியாழன் மதியம் இரண்டு மணிக்கு 'அக்கறைக் கூடல்' நடக்கும் என்றும், குடும்பத்தினர் வரலாம், கேக் உண்டு என்றும் அதில் இருந்தது.

வெர்னா டேரலைக் கூப்பிட்டாள். பட்டியலை முழுதும் படித்துக் காட்டினாள். வியாழன் வருவாயா என்று கேட்டாள். கட்டாயம் வருவேன் என்றான். அந்த மூன்று நாளும் அவள் தெம்பாக இருந்தாள். நீல நிறத்தில் உடுப்பொன்று இருந்தது, அதைத் தேய்த்து வைக்கச் சொன்னாள். பொதுவாக அவள் மகனைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறவள் இல்லை. ஆனாலும் தூங்கிக்கொண்டிருந்த இமோஜீனிடம், என் மகன் அதிகம் பேசமாட்டான், ஆனால் நியாயம் என்று வந்தால் விடமாட்டான் என்று இரண்டு தரம் சொன்னாள்.

வியாழனன்று நீள மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இல்லத்துக்குப் பொறுப்பான டாக்டர் அவர்களில் ஒருவர். வெர்னாவைப் பார்த்து, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றார். நான்கு மாதமாக அவர்தான் அவளுக்கு வைத்தியம் பார்த்து வந்தார். சமூகநலப் பெண், சோதனை எடுத்த பெண், உணவுப் பொறுப்பாளர், ரொண்டா, பிரூவிட். ஏழாவதாக டேரல். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் அவன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான். நேருக்கு நேர் பேச அதுதான் வசதி என்று வெர்னா எடுத்துக்கொண்டாள்.

பிரூவிட் எழுந்து முன்னேற்றத்தைப் பற்றிப் பேசினார். பிப்ரவரியில் மிஸஸ் கோவாலிக் ஒரு நாளைக்குப் பதினொரு முறை அழைப்பு மணியை அடித்தார். ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு முறை. இப்போது கடந்த மூன்று வாரமாகத் திரும்பவும் ஒன்பது. இதிலிருந்து இதம் திட்டம் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிகிறது.

"பிப்ரவரியில நான் எதுக்கு மணி அடிச்சேன்னு எழுதியிருக்கா?" என்று வெர்னா கேட்டாள்.

எழுதியிருந்தது. பிரூவிட் படித்தார். கழிவறைக்குக் கூட்டிப்போக ஆறு முறை. சூப் ஆறிவிட்டது என்று இரண்டு முறை. வீட்டுக்கு எப்போது போகலாம் என்று மூன்று முறை.

"இதுல பைத்தியம் எது?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் இல்லை, மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்றார். ஓர் ஆளுக்குப் பதினொன்று என்றால் இருபத்திரண்டு ஆளுக்கு இருநூற்று நாற்பத்திரண்டு மணி. இருப்பது ஒரு நர்ஸ்.

"மருந்து ரொண்டாவுக்குத்தான் கொடுக்கணும்னு இருந்துச்சு," என்றார் பிரூவிட் சிரித்துக்கொண்டே. "அவங்களுக்குக் கொடுத்தா வேலை நடக்காதே." ரொண்டாவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

வெர்னா பட்டியலை மேசை நடுவில் தள்ளினாள். பதினேழு பேர், பதினேழு மாத்திரை, எல்லாம் ஒரே குறி. இதம் என்றும் வைட்டமின் என்றும் சொன்னீர்கள், பிரஷர் என்றும் சொன்னீர்கள். இது மனநோய்க்கான மருந்து, வயதானவர்களைக் கொல்லக்கூடியது என்று கம்பெனியே எழுதியிருக்கிறது. இல்லையென்று இந்த மேசையில் யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம் என்றாள்.

யாரும் இல்லையென்று சொல்லவில்லை. பிரூவிட் பட்டியலைப் படித்து, உண்மையிலேயே வியந்து தலையாட்டினார். ஒரு தவறுகூட இல்லை, எங்கள் பதிவேடே இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை என்றார்.

"நீங்க சொல்றது அத்தனையும் சரி, மிஸஸ் கோவாலிக். அது கியூ.எல். 48தான். நாங்க எதையும் ஒளிக்கல. ஒளிச்சிருந்தா கையெழுத்து வாங்கியிருப்போமா?"

கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி அவள் முன் வைத்தார். மருந்தின் முழுப் பெயர், அளவு, காலையும் மாலையும், ஆபத்துகள் பற்றிய அதே கறுப்புக் கட்டம். 'நோயறிகுறி' என்ற இடத்தில், 'வீட்டுக்குப் போக வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்' என்று இருந்தது. கீழே, இல்லவாசிக்குப் பதிலாகச் சம்மதிப்பவர் என்ற கோட்டின் மேல், டேரல் ஜே. கோவாலிக். தேதி, ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தின வெள்ளி.

வெர்னா கையெழுத்தைப் பார்த்தாள். அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது அவள்தான். கோவாலிக்கின் முதல் எழுத்துக்கு அவன் கடைசியில் ஒரு வால் விடுவான். எத்தனை சொல்லியும் அந்த வாலை அவன் விட்டதில்லை. இப்போதும் இருந்தது.

"போன்ல ரெண்டு பேரும் தேடினோமே டேரல். அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

டேரல் மேசையைப் பார்த்தான். "தெரியும்மா."

"தெரிஞ்சுமா கலர் என்ன, வடிவம் என்னன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்த?"

அவன் ஏதேதோ சொன்னான். தினமும் வேலை நேரத்தில் போன் செய்தாய், ஏணி மேல் நிற்கும்போதெல்லாம் செய்தாய், அழுதாய், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மனசு அமைதியாகிவிட்டால் இந்த இடம் உனக்குப் பழகிவிடும் என்று இவர்கள் சொன்னார்கள், நீ நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். சமூகநலப் பெண் அவன் பக்கம் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தினாள்.

"பழகணுமா? ஆறு வாரத்துல வீட்டுக்குன்னு தானேடா சொன்ன."

அப்போதுதான் அவன் மிச்சத்தையும் சொன்னான். அம்மாவின் வீட்டில் இப்போது கெய்ட்லின் இருக்கிறாள். கெய்ட்லின் அவன் மகள், வெர்னாவின் பேத்தி. மார்ச் மாதமே கணவனோடும் குழந்தையோடும் குடிவந்துவிட்டாள். வெர்னாவின் படுக்கையறைக்குக் குழந்தைக்காக மஞ்சள் சாயம் அடித்திருக்கிறார்கள். சொல்லலாம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்றான்.

வெர்னா அழவில்லை. தலையில் இப்போது எந்தக் கம்பளியும் இல்லை. எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. எதிரில் இருந்தவன் தன் மகன் என்று எல்லா அடையாளமும் சொன்னது. மூக்கு அவள் கணவனுடையது. இடது புருவத்தில் இருந்த தழும்பு, ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. ஒன்றில்கூடத் தவறில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கூடல் இனிதாக முடிந்தது. தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. முதலாவது, மிஸஸ் கோவாலிக்கின் கூர்மையான பார்வையைப் பாராட்டி 'இம்மாதத்தின் விழிப்பான இல்லவாசி' என்ற சான்றிதழ். இரண்டாவது, மாத்திரை மேலுள்ள எழுத்துகள் இல்லவாசிகளுக்குத் தேவையற்ற மனக்கலக்கத்தை உண்டாக்குவது நிரூபணமாகிவிட்டதால், திங்கள் முதல் கிழக்கு நடைக்கூடத்தில் எல்லா மாத்திரையையும் பொடித்து ஆப்பிள் கூழில் கலந்து தருவது. உணவுப் பொறுப்பாளர் கூழில் கொஞ்சம் லவங்கப்பட்டை சேர்க்கலாம் என்றார். அதுவும் ஏற்கப்பட்டது. கேக் நன்றாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

வெர்னா மாநில அரசின் முதியோர் குறைதீர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே இருந்த பெண்மணி அக்கறையாகக் கேட்டாள், எழுதிக்கொண்டாள், நேரில் வருவதாகச் சொன்னாள். தன் பொறுப்பில் நூற்றுப்பத்து இல்லங்கள் இருப்பதால் ஜூலை இரண்டாம் வாரம் ஆகும் என்றாள். இங்கே சேர்ந்தபோது தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட மகனுக்குக் கொடுத்த அதிகாரத்தை ரத்து செய்ய முடியுமா என்று வெர்னா கேட்டாள். தாராளமாகச் செய்யலாம், சுயநினைவோடு இருக்கிறீர்கள் என்று உங்கள் டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள் அந்தப் பெண்மணி.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வெர்னா கூழைத் தொடவில்லை. அதோடு பிரஷர் மாத்திரையும் ரத்த மாத்திரையும் போயின. எல்லாம் அந்தப் பழுப்புக் குழம்பில்தான் இருந்தன. கால் வீங்கத் தொடங்கியது. ரொண்டா ஒருமுறை கதவைப் பார்த்துவிட்டுக் குனிந்து, வெள்ளையும் மஞ்சளும் தனியாகத் தர எனக்கு ஆசைதான், வேலை போய்விடும், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். வெர்னா அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் படுக்கையில் இமோஜீன் தன் கூழை வழித்துச் சாப்பிட்டாள். அவளுக்கு லவங்கப்பட்டை பிடித்திருந்தது.

வியாழனன்று இல்லம் குடும்பத்தின் உதவியை நாடியது. டேரல் வேலை உடுப்போடு வந்தான். கையில் சின்னக் கிண்ணமும் பிளாஸ்டிக் கரண்டியும் கொடுத்து உள்ளே அனுப்பியிருந்தார்கள். ரொண்டா வாசலில் படிவத்தோடு நின்றாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கூழை ஒருமுறை கலக்கினான். காலைப் பார், எப்படி வீங்கியிருக்கிறது, இப்படிப் பிடிவாதம் பிடிக்கலாமா என்றான். அவன் குரல் உடைந்தது. அது நடிப்பல்ல என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. டோனட் கொண்டுவந்த ஞாயிறன்றும் வியர்வை நடிப்பாக இருக்கவில்லை.

"வெறும் ஆப்பிள் கூழ்தாம்மா," என்று கரண்டியை அவள் வாயருகே கொண்டுவந்தான்.

"அப்ப நீ ஒரு வாய் சாப்பிடு."

கரண்டி அப்படியே நின்றது. அவன் கூழைப் பார்த்தான். ரொண்டாவைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வெர்னா காத்திருந்தாள். அவன் சாப்பிட்டுவிட்டால் தானும் மிச்சத்தைச் சாப்பிட்டுவிடுவது என்று அந்த நொடியில் முடிவு செய்திருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

"நான் வண்டி ஓட்டணுமேம்மா," என்றான் டேரல்.

வெர்னா அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கிக் கிண்ணத்தில் வைத்தாள். கிண்ணத்தை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்தாள். அவன் சட்டைக் காலரில் கரி அப்பியிருந்தது. கை தன்னால் நீண்டு அதைத் தட்டப் போய், பாதியில் மடியில் இறங்கிவிட்டது. சரி, நேரமாகிறது, பார்த்துப் போ என்றாள்.

அவன் போன பிறகு ரொண்டா வாசலில் நின்றபடியே படிவத்தை நிரப்பினாள். மகன் முன்னிலையில் இதம்-2 தரப்பட்டது; மறுத்துவிட்டார் என்று எழுதினாள். யார் மறுத்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை.